60 மாணவர்கள், வாரம் 3 மணி நேரம்: இரண்டாம் ஆண்டு டிசைன் பிராஜெக்ட் பாடத்தை எப்படி அமைப்பது?

தறிநூல் (கேள்வி)

வணக்கம். அடுத்த செமஸ்டரில் மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டுக்கு டீம் பிராஜெக்டை மையமாக வைத்து ஒரு டிசைன் பாடம் வருகிறது. மாணவர்கள் 60 பேர். வாரத்துக்கு ஒரு நாள் தொடர்ச்சியாக 3 மணி நேரம், மொத்தம் 15 வாரம். ஆசிரியர்கள் இரண்டு பேர், ஒர்க்‌ஷாப் இன்ஸ்ட்ரக்டர் ஒருவர். எழுத்துத் தேர்வு கிடையாது, 100 மார்க்கும் இன்டர்னல். துறை தரும் பணம் 30,000 ரூபாய். பாதிப் பேர் ஹாஸ்டல், பாதிப் பேர் காலேஜ் பஸ். மாலை நாலரைக்கு பஸ் கிளம்பிவிடும் என்பதால் வகுப்புக்கு வெளியே டீம் கூடுவது கடினம்.

இந்த மாதிரிப் பாடங்களில் வழக்கமாக நடப்பது தெரியும். டீமில் ஒருவர் எல்லாம் செய்வார், மற்றவர்கள் பெயர் போட்டுக்கொள்வார்கள். கடைசி வாரம் பிராஜெக்ட் சென்டரில் ரெடிமேடாக வாங்கி வருவார்கள். ரிப்போர்ட் மட்டும் தடிமனாக இருக்கும். இதைத் தவிர்க்கும்படி பாடத்தைத் தொடக்கத்திலேயே எப்படிக் கட்டுவது? எந்த மாதிரிப் பிரச்சினையைக் கொடுக்கலாம்?

அளவுகோல்

தலைப்பை மாணவர்களே தேர்ந்தெடுக்கட்டும் என்று விடாதீர்கள். விட்டால் முதல் நான்கு வாரம் தலைப்பு தேடுவதிலேயே போய்விடும். கிடைப்பதும் "ஸ்மார்ட்" என்று தொடங்கும் ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். நான்கு பேர் ஒரு டீம் என்றால் 15 டீம். எல்லாவற்றுக்கும் ஒரே பிரச்சினை, தீர்வு மட்டும் அவரவர் விருப்பம். நல்ல பிரச்சினைக்கு நான்கு இலக்கணம் சொல்லலாம்: மாணவர் நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்க வேண்டும், அளந்து வெற்றி தோல்வி சொல்ல முடிய வேண்டும், 230 வோல்ட்டைத் தொடாமல் செய்ய முடிய வேண்டும், இரண்டாம் ஆண்டு ஸ்டாட்டிக்ஸ் (அசையாமல் நிற்கும் பொருளின் விசைக் கணக்கு) அதில் உண்மையாகவே தேவைப்பட வேண்டும்.

உதாரணத்துக்கு, 20 லிட்டர் தண்ணி கேன். "அறுபது வயதுக்கு மேற்பட்டவர் தனியாக, சிந்தாமல், கேனிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் எடுக்க ஓர் அமைப்பு. பொருட்செலவு 600 ரூபாய்க்குள்." கேட்க எளிதாக இருக்கும், உள்ளே போனால் ஆழம் தெரியும்.

கேன் சுமார் 27 செ.மீ. விட்டம். தரையில் வைத்தபடி அடிவிளிம்பில் சாய்க்கத் தொடங்க, 45 செ.மீ. உயரத்தில் பிடித்து இழுத்தால் வேண்டிய விசை 20 × 13.5 ÷ 45, அதாவது 6 கிலோ. இதை எல்லா டீமும் போட்டுவிடும். அடுத்து ஒரு தொட்டிலில் கேனை உட்காரவைத்து இரண்டு பக்கமும் பிவட் (சாயும்போது சுழலும் அச்சு) கொடுப்பார்கள். சிக்கல் அங்கேதான். தண்ணீர் கிட்டத்தட்ட 35 செ.மீ. உயரம் நிற்கும், ஆகவே நிறை கேனில் ஈர்ப்பு மையம் அடியிலிருந்து 17, 18 செ.மீ. உயரத்தில் இருக்கும். பிவட்டை 15 செ.மீ. உயரத்தில் வைத்த டீமின் கேன், கையை எடுத்ததும் தானாகக் கவிழும். 22 செ.மீ. உயரத்தில் வைத்த டீமுக்கு நிறை கேன் சமர்த்தாகத் திரும்பி நிற்கும். ஆனால் தண்ணீர் பாதியானதும் ஈர்ப்பு மையம் 9 செ.மீ.க்கு இறங்கிவிடும். எடை பாதியாகக் குறைந்தாலும் பிவட்டிலிருந்து உள்ள தூரம் ஏறக்குறைய மூன்று மடங்காகிறது. எனவே பாதி காலியான கேன், நிறை கேனைவிடச் சாய்க்கக் கனக்கும். இதை மாணவர் ஸ்பிரிங் பாலன்ஸில் தானே படித்துப் பார்க்கும் நிமிடத்துக்காகவே இந்தப் பிரச்சினையைக் கொடுக்கலாம்.

இன்னொன்றும் உண்டு. கேனின் வாய் நடுவில் இருப்பதால், கிடைமட்டமாகப் படுக்கவைத்தாலும் 7, 8 லிட்டர் உள்ளேயே நிற்கும். கடைசித் தண்ணீர் வர கேன் கிடைமட்டத்தைத் தாண்டி நன்றாகக் கவிழ வேண்டும். ஸ்டாண்டின் முன்கால் அதற்கு இடம் விடுகிறதா? பெரும்பாலான முதல் வரைபடங்களில் விடாது.

15 வாரத்தை இப்படிப் பிரிக்கலாம். முதல் வாரம் அறிமுகமும் ஒரு சின்ன அட்டைப் பயிற்சியும். 2, 3 வாரங்களில் போய்ப் பார்ப்பது: வீடு, கடை, ஹாஸ்டல், குறைந்தது ஆளுக்கு இரண்டு இடம். டீமுக்கு ஐந்து கேனாவது அளக்க வேண்டும், ஏனென்றால் எல்லாக் கேனும் ஒரே அளவு அல்ல. ஒரு கேனை மட்டும் அளந்து தொட்டில் செய்தவர்கள் கடைசி நாள் திண்டாடுவார்கள். 4ஆம் வாரம் தேவைப் பட்டியல். ஒவ்வொரு வரியிலும் ஓர் எண்ணும் அதைச் சோதிக்கும் முறையும் இருந்தே ஆக வேண்டும். "எளிதாகச் சாய வேண்டும்" என்று எழுதினால் திருப்பிக் கொடுங்கள். "நிறை, பாதி, கால் ஆகிய மூன்று நிலையிலும் ஸ்பிரிங் பாலன்ஸ் 2 கிலோவைத் தாண்டக் கூடாது" என்று வந்தால் ஏற்றுக்கொள்ளுங்கள். கேனை ஸ்டாண்டில் ஏற்றுவது யார் என்ற கேள்வியை முக்கால்வாசி டீம்கள் கேட்கவே மாட்டார்கள். கேன் போடுகிறவர் வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார். அதை அந்தப் பெரியவர் 40 செ.மீ. தூக்கி வைக்க வேண்டுமென்றால் அந்த டிசைன் தோற்றுவிட்டது. போய்ப் பார்த்தவர்களின் பட்டியலில் மட்டும் இந்த வரி இருக்கும்.

5ஆம் வாரம் ஆளுக்கு மூன்று கை வரைபடம், பேசாமல், தனித்தனியாக. அதன் பிறகே டீமாக உட்கார வேண்டும். முதலில் பேச விட்டால் சத்தமாகப் பேசுபவரின் யோசனைதான் டீமின் யோசனையாகும். 6ஆம் வாரம் அரை அளவு அட்டை மாதிரி, 2 லிட்டர் பாட்டிலோடு. 7ஆம் வாரம் எந்த யோசனை என்று தேர்ந்தெடுப்பதும் முதல் ரிவியூவும். 8, 9இல் முழு அளவு முதல் மாதிரி. 10ஆம் வாரம் ஒரு டீம் செய்ததை இன்னொரு டீம் சோதிக்கும். 11 முதல் 13 வரை திருத்தி மறுபடி செய்வது. 14 இறுதிச் சோதனை, 15 வைவா.

இதில் வளைந்து கொடுக்கக் கூடாத ஒரே விஷயம், 9ஆம் வாரத்துக்குள் முழு அளவில் ஏதோ ஒன்று தரையில் நிற்பது. எவ்வளவு கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. ஒரே ஒரு முறை செய்து அதையே ஒப்படைக்கும் பாடத்தில் டிசைன் கிடையாது, தயாரிப்பு மட்டும்தான் இருக்கும். உடைந்ததைப் பார்த்து இரண்டாம் முறை செய்யும்போதுதான் பாடம் ஆரம்பிக்கிறது.

பட்டறை வாசல்

மேலே சொன்ன பிரச்சினையையே வைத்துப் பொருள் கணக்குச் சொல்கிறேன்.

12 மி.மீ. பிளைவுட், எட்டடிக்கு நாலடி ஷீட் இரண்டு. ஒரு ஷீட்டில் 2 அடிக்கு 1 அடி துண்டு 16 வரும். டீமுக்கு இரண்டு துண்டு போக ஒரு ஜோடி மிச்சம். அந்த மிச்சம் கட்டாயம் வேண்டும், ஒரு டீமாவது தப்பாக வெட்டும். 25 மி.மீ. சதுர டியூப், 1.2 மி.மீ. கனம், 6 மீட்டர் நீளத்தில் 8. பாதியாக அறுத்தால் டீமுக்கு 3 மீட்டர், இதிலும் ஒன்று மிச்சம். எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட் 50 மி.மீ. நீளத்தில் வாங்குங்கள். மாணவர்கள் 40 போதும் என்பார்கள். டியூப் 25, பிளைவுட் 12, அதற்கு மேல் இரண்டு வாஷர், ஒரு நட். கூட்டினால் 45 வரும், 40 எட்டாது. பிவட்டுக்கு எம்8, நைலாக் நட்டோடு (உள்ளே நைலான் வளையம் உள்ள, எளிதில் கழலாத நட்). சாதா நட் ஆடி ஆடிக் கழன்றுவிடும்.

பொருளை செமஸ்டர் தொடங்கும் முன்பே வாங்கி ஸ்டோரில் வைத்துவிடுங்கள். மூன்று கொட்டேஷன், ஒப்புதல், ஆர்டர் என்று போனால் ஒரு மாதம் காணாமல் போகும், 8ஆம் வாரம் கையில் எதுவும் இருக்காது. 30,000இல் பாதிக்குள் இந்தப் பொதுப் பொருளை முடித்து, டீமுக்கு 500 ரூபாய் தனிச் செலவுக்கு பில் வைத்துக் கொடுங்கள். மீதியில் 10 கிலோ ஸ்பிரிங் பாலன்ஸ் நான்கு, அளவு ஜாடிகள், ஹேக்சா பிளேடு, டிரில் பிட். டிரில் பிட் நீங்கள் நினைப்பதைவிட இரு மடங்கு செலவாகும்.

வெல்டிங்கை அனுமதிக்க வேண்டாம் என்பது என் கருத்து. 15 டீமும் ஒரே நாளில் வரிசையில் நிற்கும், கடைசியில் எல்லா வெல்டிங்கும் இன்ஸ்ட்ரக்டர் தலையில் விழும், மாணவர் செய்ததாக எதுவும் மிஞ்சாது. போல்ட் இணைப்பு என்றால் பிரித்து மாற்றலாம், இரண்டாம் முறை செய்வதற்கு அதுதான் வசதி. 3டி பிரிண்டரும் அப்படித்தான். ஒரு டீமுக்கு 6 மணி நேரம் என்றாலே மொத்தம் 90 மணி நேரம். பாகம் ஒன்றுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் பிரிண்ட் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

உடைவது எங்கே என்று பார்த்தால், போல்ட் ஒருபோதும் உடையாது. பிளைவுட் ஓரத்தில் துளை பிளக்கும். எம்8 துளையின் மையம் ஓரத்திலிருந்து 24 மி.மீ.யாவது உள்ளே இருக்க வேண்டும். டியூபைக் குறுக்காகத் துளைத்து போல்ட்டை முறுக்கினால் 1.2 மி.மீ. சுவர் உள்ளே நசுங்கும், அதோடு இறுக்கமும் போய்விடும். உள்ளே ஒரு சின்னக் குழாய்த் துண்டு ஸ்பேசராகப் போடச் சொல்லுங்கள்.

அரை அளவு மாதிரி பற்றி ஓர் எச்சரிக்கை. நீளம் பாதியானால் எடை எட்டில் ஒன்று, திருப்பு விசை பதினாறில் ஒன்று. அட்டையில் கெட்டியாக நின்றதே என்று முழு அளவை அப்படியே பெரிதாக்கினால், பொருளில் வரும் அழுத்தம் இரு மடங்காகும். அரை அளவு மாதிரி அசைவைப் பார்க்க, இடம் போதுகிறதா என்று பார்க்க. பலம் பார்க்க அது உதவாது.

சோதனை நாளில் 5, 10, 15, 20 லிட்டர் என்று படிப்படியாக நிரப்ப வேண்டும். ஷூ இல்லாதவர் அருகே வரக் கூடாது. தரையில் சாக்பீஸ் கோடு போட்டு, கேன் விழக்கூடிய வட்டத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று வையுங்கள். 20 கிலோ காலில் விழுந்தால் விளையாட்டில்லை. தரை ஈரமாகும், மாப் இரண்டு வேண்டும்.

தறிநூல்

மிக்க நன்றி, இருவருக்கும். வகுப்பில் பெண்கள் 14 பேர். டீம் பிரிப்பது, ஆளுக்கு ஆள் மார்க் பிரிப்பது இரண்டும்தான் இன்னும் குழப்பம். நண்பர்கள் ஒன்றாக இருக்கட்டும் என்று எல்லோரும் கேட்பார்கள்.

நிகர் எடை

டீமை நீங்களே பிரியுங்கள். நண்பர்கள் டீமில் வேலை செய்யாதவரைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். முதல் வகுப்பில் ஒரு பக்கப் படிவம் கொடுங்கள்: ஹாஸ்டலா, எந்த பஸ் ரூட், ஹேக்சாவும் டிரில்லும் தொட்டிருக்கிறாரா, கேட் (CAD, கம்ப்யூட்டரில் வரைபடம்) வரையத் தெரியுமா, சனிக்கிழமை வர முடியுமா. நான்கு பேர் டீம், 15. ஐந்து பேர் என்றால் ஒருவருக்கு நிற்க மட்டுமே இடம் இருக்கும். டீமுக்கு 10 நிமிடம் என்றால் 15 டீமின் ரிவியூ 150 நிமிடம், உங்கள் 3 மணி நேரத்துக்குள் அடங்கும்.

முழுக்க ஹாஸ்டல், முழுக்க பஸ் என்று பிரிப்பது வசதியாகத் தோன்றும். ஆனால் ஹாஸ்டல் டீமுக்கு மட்டும் இரவு முழுதும் நேரம் கிடைக்கும், போட்டி சமமாக இருக்காது. கலந்து போட்டு, செய்யும் வேலை அத்தனையும் அந்த 3 மணி நேரத்தில், ஒர்க்‌ஷாப்பில் மட்டும் என்று வையுங்கள். வீட்டு வேலையாகப் படிப்பதும் வரைவதும் கணக்கும் மட்டும் இருக்கட்டும்.

14 பெண்களை ஏழு டீமில் இரண்டிரண்டு பேராகப் போடுங்கள். 14 டீமில் ஆளுக்கு ஒருவராகப் பரப்புவது நியாயமாகத் தோன்றும், உண்மையில் அதுதான் மோசமான பங்கீடு. தனியாக இருக்கும் ஒருவர் ரிப்போர்ட் எழுதும் வேலைக்குத் தள்ளப்படுவது மிகச் சாதாரணமாக நடக்கிறது. "உன் கையெழுத்து நல்லா இருக்கு" என்பார்கள், டிரில்லைத் தர மாட்டார்கள். இதைத் தடுக்க இன்னொரு விதியும் வேண்டும்: ஒவ்வொருவரும் குறைந்தது ஒரு பாகத்தைத் தானே வரைந்து, வெட்டி, துளைத்து, வரைபடத்தில் கையெழுத்திட வேண்டும். வைவாவில் அந்தப் பாகத்தைப் பற்றியும் கேள்வி வரும், மற்றவர் செய்த ஒரு பாகத்தைப் பற்றியும் வரும்.

மார்க்: 50 டீமுக்கு, 50 தனியாளுக்கு. டீமில் தேவைப் பட்டியல் 10, சோதனைப் பதிவு 15, இறுதிச் சோதனை 15, ரிப்போர்ட் 10. தனியாளில் டிசைன் நோட்டு 20, கையெழுத்திட்ட பாகம் 15, வைவா 15. ரிப்போர்ட்டுக்கு 10க்கு மேல் கொடுக்காதீர்கள். அது தடிப்பதன் காரணமே அதற்குக் கொடுக்கும் மார்க்தான். பக்க வரம்பு 12.

டீமின் 50ஐ ஆளுக்கு ஆள் பிரிக்க சக மதிப்பீடு. நோட்டில் எழுதினாரா, சொன்ன நாளில் முடித்தாரா, மற்றவர் சொன்னதைக் கேட்டாரா என்று நடத்தையைக் கேட்கும் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5. தன்னைத் தானே மதிப்பிட்டது கணக்கில் சேராது. ஒருவர் பெற்ற சராசரியை டீம் சராசரியால் வகுத்தால் அவருடைய பெருக்கெண் வரும். டீம் சராசரி 4, ஒருவர் பெற்றது 4.5 என்றால் 1.125; மேல் வரம்பு 1.10 என்று வைத்தால், டீம் மார்க் 40 அவருக்கு 44 ஆகும். 2.8 பெற்றவருக்கு 0.70, அதாவது 28. எல்லோரும் எல்லோருக்கும் 5 போட்டுக்கொள்வது நடக்கும். அதனால் 5ஆம் வாரம் மார்க் இல்லாமல் ஒரு ஒத்திகை வையுங்கள், பிறகு 10, 15ஆம் வாரங்களில் மார்க்கோடு. வகுப்பிலேயே, தனித்தனி இருக்கையில், எண்ணுக்குக் கீழே காரணம் ஒரு வரி எழுத வேண்டும். பெருக்கெண் 0.80க்குக் கீழே போனால் அவருடைய நோட்டைப் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். சில சமயம் மூன்று பேர் சேர்ந்து ஒருவரை ஒதுக்கியிருப்பார்கள், நோட்டு மட்டும் உண்மையைச் சொல்லும்.

நோட்டு பற்றி ஒரே விதி. தைத்த நோட்டு, தேதியோடு, வகுப்பு முடியும்போது இன்ஸ்ட்ரக்டர் இனிஷியல். கடைசி வாரம் உட்கார்ந்து அழகாக எழுதிய நோட்டுக்குப் பூஜ்யம்.

சுவடி

மேலே உள்ளதில் ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். ஆசிரியர் கொடுக்கும் ஒரே பிரச்சினை என்றால் மாணவருக்கு அது இன்னொரு லேப் எக்ஸ்பெரிமென்ட்தான். நிஜமான ஒருவருக்காகச் செய்யும்போதுதான் பொறுப்பு வருகிறது. அமெரிக்காவில் பர்டியூ பல்கலைக்கழகத்தில் 1995 முதல் எபிக்ஸ் என்ற பாடம் நடக்கிறது. சமூக அமைப்புகளுக்காக மாணவர் டீம்கள் செய்து கொடுக்கிறார்கள். டென்மார்க்கின் ஆல்போர்க் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கியதிலிருந்தே பிராஜெக்டை மையமாக வைத்த படிப்பு. பக்கத்து முதியோர் இல்லத்தோடு இணைத்தால் என்ன?

அளவுகோல்

இரண்டும் அருமையான முன்மாதிரிகள். ஆனால் எபிக்ஸில் ஒரு பிராஜெக்ட் பல செமஸ்டர் தொடர முடியும். ஒரு குழு போனால் அடுத்த குழு கையேற்கும், பழைய மாணவர் சிலர் தொடர்ந்து இருப்பார்கள். ஆல்போர்க்கில் மாணவரின் படிப்பு நேரத்தில் ஏறக்குறையப் பாதி பிராஜெக்டுக்கே போகிறது. இங்கே இருப்பது 45 மணி நேரம். இதை வைத்துக்கொண்டு முதியோர் இல்லத்துக்கு வாக்குக் கொடுத்தால், 15ஆம் வாரம் பாதி ஆடும் ஸ்டாண்டை அங்கே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும். போல்ட் கழன்றால் சரிசெய்ய யாரும் போக மாட்டார்கள். அந்தப் பெரியவர்கள்தான் பாதிக்கப்படுவார்கள்.

நடுவழி ஒன்று உண்டு. பெரியவர்கள் பொருளைப் பெறுபவர்களாக இல்லாமல், பார்த்துக் கருத்துச் சொல்பவர்களாக வரட்டும். 3ஆம் வாரம் அவர்கள் எப்படி ஊற்றுகிறார்கள் என்று பார்க்க, 10ஆம் வாரம் மூன்று நான்கு பேரை அழைத்து 5 லிட்டர் மட்டும் நிரப்பிய கேனில் முயன்று பார்க்கச் சொல்ல. எதையும் தருவதாகச் சொல்லாதீர்கள், வண்டி ஏற்பாடும் காபியும் உங்கள் செலவு. ஒரு பாட்டி கைப்பிடியைத் தேடித் தடவுவதை மாணவர் பார்த்துவிட்டால் ஆயிரம் ஸ்லைடு காட்டியது போல.

சுவடி

45 மணி நேரம் என்ற கணக்கில் நீங்கள் சொல்வது சரிதான். 10ஆம் வாரம் அழைப்பது நல்ல யோசனை.

தறிநூல்

கடைசியாக ஒன்று. யோசனைகளை ஒப்பிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அட்டவணை போடச் சொன்னால் மாணவர்கள் பிடித்த டிசைனை முதலில் முடிவு செய்துவிட்டு எண்ணைப் பிறகு நிரப்புகிறார்கள். ரெடிமேட் ஸ்டாண்டை வாங்கிப் பெயின்ட் அடித்துக் கொண்டுவருவதையும் எப்படித் தடுப்பது? கடையில் கேன் ஸ்டாண்ட் கிடைக்கிறதே.

அளவுகோல்

கடையில் கிடைப்பதை மறைக்காமல் நீங்களே ஒன்று வாங்கி வகுப்பின் நடுவில் வையுங்கள், கூடவே பட்டனை அழுத்தினால் தண்ணீர் வரும் சின்ன பம்ப் ஒன்றும். 4ஆம் வாரம் எல்லா டீமும் அந்த இரண்டையும் தங்கள் தேவைப் பட்டியலை வைத்துச் சோதிக்கட்டும்: விசை, சிந்தல், ஏற்றும் உயரம், கழுவ முடிகிறதா. தேர்வு அட்டவணையில் அந்த ஸ்டாண்டே ஒப்பீட்டுப் புள்ளி. ஒவ்வொரு யோசனையும் ஒவ்வொரு தேவையிலும் அதைவிட மேலா, கீழா, சமமா என்று கூட்டல், கழித்தல், ச போட்டால் போதும். பிரிட்டனின் டிசைன் பேராசிரியர் ஸ்டூவர்ட் பியூ கொண்டுவந்த முறை இது. 8.5, 7.2 என்று எண் நிரப்பும் அட்டவணையில் ஏமாற்ற இடம் அதிகம், இதில் குறைவு. கழித்தல் விழுந்த இடத்தை எப்படிச் சரிசெய்வது என்று பேச்சு திரும்பும், அதுதான் நமக்கு வேண்டியது.

வாங்கி வருவதைத் தடுக்க, 10ஆம் வாரச் சோதனை முடிந்ததும் ஒரு தேவையை மாற்றுங்கள். "பயன்படுத்துபவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்", அல்லது "இடது கையால் மட்டும்", அல்லது "டம்ளருக்குப் பதில் ஒரு லிட்டர் பாட்டிலின் சின்ன வாய்". பாட்டில் கொஞ்சம் கடினம், ஏனென்றால் கேனுக்குள் காற்று போக வழி இல்லாததால் தண்ணீர் களக் களக் என்று வெட்டி வெட்டி விழும். நிறைய டீம்கள் அங்கேதான் முதன்முதலாகக் காற்றைப் பற்றி யோசிக்கும். எந்த மாற்றம் என்பதை முன்கூட்டி யாரிடமும் சொல்லாதீர்கள், இரண்டாம் ஆசிரியரைத் தவிர.

பட்டறை வாசல்

பாட்டில் மாற்றத்தைக் கொடுத்தால் 11ஆம் வாரத்துக்கு 6 மி.மீ. உள்விட்டமுள்ள டியூப் 10 மீட்டர் ஸ்டோரில் வைத்திருங்கள். காற்றுக் குழாய் போடலாம் என்று ஐந்தாறு டீமாவது ஒரே நேரத்தில் வந்து கேட்பார்கள். குடிக்கும் தண்ணீரில் படும் டியூப், உணவுத் தரமா என்று பார்த்து வாங்குங்கள். சோதனைத் தண்ணீரை யாரும் குடிக்கக் கூடாது என்று கேனிலேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.